கிதர் முகம்மதுவின் பெல்ட்

ஆத்தூருக்குள் போய்க் கிதர் முகம்மது வீடு எது என்று விசாரித்தால் நாலு பேர் முழிப்பார்கள். நர்ஸம்மாவை வண்டியில் வைத்து ஊர் ஊராகக் கூட்டிப் போகிறவர் என்று சொன்னால், அதே நாலு பேரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டி வழி காட்டுவார்கள். ஒரு ஆண்பிள்ளைக்கு ஊரில் கிடைக்கக்கூடிய பெயர் எத்தனையோ இருக்க, அவருக்குக் கிடைத்தது பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்த பெயர். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. கேலி பண்ணியவர்களுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

அவருடைய அத்தா பக்ருதீன் ராவுத்தருக்குத் திண்டுக்கல் பேகம்பூரில் சொந்தமாகத் தோல்ஷாப்பு இருந்தது. சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டைத் தொட்டி, தோல் காயப்போடும் கொட்டகை என்று தெருவில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த இடம். ஒரே மகன். தொழிலில் உட்கார வைத்த அன்று, தன் தொட்டியில் ஊறிப் பதமான எருமைத் தோலில் தானே பக்கத்தில் நின்று தைக்கச் சொன்ன அகலமான பெல்ட் ஒன்றை மகன் இடுப்பில் அவரே கட்டிவிட்டார். இரண்டு தோலைச் சேர்த்து ஒட்டி ஓரம் தைத்தது. சில்லறை வைக்க ஒரு பை, பேனாக்கத்தி வைக்க ஒரு பை. கைலிக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு கிதர் முகம்மது ஷாப்புக்குள் போனார். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மறுநாளும் அதே கதைதான். மீன் வாசம் ஆகாத பூனையைக் கூடப் பார்த்துவிடலாம், தோல் வாசம் ஆகாத ராவுத்தர் மகனை எங்கே பார்ப்பது என்று தெருவே பேசியது.

வருஷக்கணக்கில் அந்த வாசத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் விலகிவிட்டார். அத்தா கத்தவில்லை. மகனோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றிக் கொடு என்று அவர் கேட்கவுமில்லை, மகன் கழற்றவுமில்லை.

இதற்குள் நர்கீஸோடு கல்யாணம் ஆகியிருந்தது. அவள் மதுரையில் பிரசவம் பார்க்கப் படித்துத் தேறியவள். நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில் அவளை ஆத்தூர்த் தாய் சேய் நல விடுதியில் போட்டார்கள். குடியும் அங்கேயே மாறியது. ஆத்தூரைச் சுற்றிப் பட்டிகள் ஏராளம், பஸ் போகிற பட்டிகள் குறைவு. வலி கண்டவள் பஸ் நேரம் பார்த்துப் பெறமாட்டாள். அதனால் கிதர் முகம்மது, சண்டை முடிந்து பட்டாளத்தில் ஏலம் விட்ட வெள்ளைக்காரன் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பச்சைப் பெயின்ட் உரிந்து, முன் விளக்கு கொஞ்சம் கோணிப்போய், ஆனால் எஞ்சின் மட்டும் கல்லாட்டம் இருந்த வண்டி. பின்னால் நர்கீஸ், மடியில் அவள் பை. இதுதான் அவர் தொழில் என்றாகிவிட்டது. செய்தி கேட்ட பக்ருதீன் ராவுத்தர், "பொண்டாட்டியச் சுமக்க வண்டி எதுக்கு, அதான் முதுகு இருக்குல்ல" என்று ஷாப்பு ஆட்களிடம் சொன்னாராம். பேகம்பூர்த் தெருவில் வண்டி வந்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

அந்த வண்டிக்குச் சத்தம் அதிகம். ஊருக்குள் வண்டி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சத்தம் காற்றில் வந்துவிடும். அது காதில் விழுந்ததும் பிரசவ வீட்டில் வெந்நீர்ப் பானையை அடுப்பில் ஏற்றுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல, தானாக எல்லாப் பட்டியிலும் வந்த பழக்கம். வண்டி வாசலில் நிற்கும்போது தண்ணீர் கொதித்திருக்கும். பிள்ளை நல்லபடியாகப் பிறந்த வீட்டுப் பெண்கள் முன் விளக்கில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். கிதர் முகம்மது அதைத் துடைத்ததில்லை. மழை வந்து கழுவினால் கழுவட்டும் என்று விட்டுவிடுவார்.

பிரசவ வீட்டின் வாசற்படியை அவர் தாண்டியதில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து நர்கீஸின் குரல் மட்டும் கேட்கும். வீட்டில் உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரல் அங்கே வேறு யாருடையதோ போல் இருக்கும். அவள் உள்ளே போகும்போது கட்டிலில் ஒரு உயிர், வெளியே வரும்போது இரண்டு. எத்தனை தடவை பார்த்தாலும் அவருக்கு அது பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்த்து, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொள்வார்.

ஆனால் கோம்பைப்பட்டி ஜக்கம்மாள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. மலையடிவாரத்து ஊர் அது. அவள் புருஷன் ஆண்டிச்சாமிக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். வெள்ளாமை இல்லாத நாளில் கரட்டில் ஆவாரம்பட்டை உரித்துப் பேகம்பூர்த் தோல்ஷாப்புகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். நர்கீஸ் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே முதல் பிள்ளை பிறக்கும்போதே போய்விட்டது. இரண்டாவதுக்கு ஆள் வந்து சொல்லி இவர்கள் கிளம்பினார்கள். வழியில் ஓடையில் வெள்ளம். தண்ணீர் வடிந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை கால் பக்கமாகத் திரும்பி வந்ததாம், எடுக்கத் தெரிந்த கை அங்கே இல்லை. ஜக்கம்மாள் அழவில்லை. "நீங்க செத்த முந்தி வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும் வழியில் ஆத்தூர்க் கண்மாய்க் கரை ஏறும்போது நர்கீஸ் சொன்னாள்.

"அடுத்த தடவை நான் அங்க இருக்கணும். நேரத்துக்கு இருக்கணும்."

"கொண்டுபோய்ச் சேக்குறது எம்பாடு" என்றார் கிதர் முகம்மது. சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து அந்த வார்த்தை அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

ஜக்கம்மாள் மூன்றாவது தடவை மாசமாக இருந்தபோதுதான் வண்டிக்குக் கிளட்ச் கோளாறு வந்தது. கிளட்ச் என்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற சங்கதி. இரும்புத் தட்டும், தக்கைத் துண்டுகள் பதித்த தட்டுமாக மாற்றி மாற்றி அடுக்கி, ஸ்பிரிங் போட்டு இறுக்கி வைத்திருப்பார்கள். தட்டுகள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும்வரை எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகும். கைப்பிடியில் இருக்கிற லீவரைப் பிடித்தால் தட்டுகள் விலகும். எஞ்சின் அதுபாட்டுக்குச் சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். இவர் வண்டியில் லீவரைப் பிடித்தாலும் தட்டு விலகவில்லை. கியரைப் போட்டால் வண்டி குப்பென்று ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். ஒருதரம் நர்கீஸ் பையோடு கீழே விழப்போனாள். எல்லாம் இவர் செய்த வேலைதான். யாரோ ஒரு தோட்டத்துச் சம்சாரி அன்பாகக் கொடுத்தார் என்று பம்பு செட்டுக்கு விடுகிற தடித்த ஆயிலைக் கிளட்ச் பெட்டிக்குள் ஊற்றியிருந்தார். தட்டெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது.

திண்டுக்கல்லில் மோட்டார் பட்டறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே லாரிக்கும் பஸ்ஸுக்கும்தான் மரியாதை. கிதர் முகம்மது நம்பியது பூட்டுக்காரர் இருதயநாதனை. முன்னொருதரம் வண்டியின் பல்சக்கரத்தில் உடைந்த பல்லை அச்சு அசலாக ராவிக் கொடுத்த கை அது. இருதயநாதன் கிளட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"செத்த நேரம் உக்காருங்க பாய். இது ஒண்ணுமில்ல, எண்ணெய். எல்லாச் சனியனும் எண்ணெயிலதான் பிடிக்கிது. பூட்டுக்குள்ள நாங்க ஒரு சொட்டு எண்ணெய் விடமாட்டோம். எண்ணெய் தூசியக் கூப்பிடும், தூசி உள்ள இருக்கிறதக் கடிக்கும்."

"அப்ப வழுக்கிறதுக்கு என்ன போடுவீக?"

"பென்சில்" என்றார் இருதயநாதன்.

பூட்டுப் பட்டறையில் அதுதான் முறை. பென்சிலின் கரியைச் சுரண்டித் தூளாக்கிப் பூட்டுக்குள் ஊதுவார்கள், சாவி தண்ணீரில் போவது போலப் போகும். அந்த முறையை அவர் கிளட்சுக்கும் செய்தார். தட்டு ஒன்றையும் விடாமல் ஆயிலைத் துடைத்து வெயிலில் காயவைத்து, இரண்டு பக்கமும் பென்சில் தூளைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மின்ன வைத்தார். பெட்டிக்குள்ளும் ஆயில் விடவில்லை. பூட்டி முடித்ததும் லீவரை ஒற்றை விரலால் பிடித்துக் காட்டினார். தட்டு பூப்போல விலகியது.

"இனிமே இது வண்டி இல்ல பாய், பூட்டு" என்றார்.

இரண்டு பேரும் டீக்கடைக்குப் போய் டீ குடித்தார்கள். தெருவில் ஒரு சுற்று ஓட்டியபோது எஞ்சின் முன்னைவிட ஜோராக இரைந்தது. வயதான எஞ்சினுக்கு வாலிபம் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிதர் முகம்மது ஆத்தூருக்கு ஒற்றையாளாய் ஓட்டிப் போனார். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

அடுத்த சந்தை நாளன்று விடிந்தும் விடியாமலும் கோம்பைப்பட்டிப் பூ வண்டி விடுதி வாசலில் நின்றது. திண்டுக்கல்லுக்குப் பூக் கொண்டுபோகிற மாட்டு வண்டி. பூக்கூடைகளுக்கு நடுவிலிருந்து பூக்காரி மூக்காயி எட்டிப் பார்த்தாள்.

"நர்ஸம்மா, ஜக்கம்மாளுக்கு நடுச்சாமத்துலயே பனிக்குடம் உடைஞ்சு போச்சு. ஆண்டிச்சாமி உங்கள இப்பவே வரச் சொல்லுச்சு."

நர்கீஸ் பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் இவர் வண்டியைக் கிளப்பியிருந்தார். கண்மாய்க் கரை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கரையிலிருந்து இறங்கி, பாதை கொஞ்சம் ஏற ஆரம்பித்ததும் எஞ்சின் கத்தத் தொடங்கியது. முறுக்க முறுக்கச் சத்தம் கூடியதே தவிர, வண்டி நடை வேகத்துக்கு வந்துவிட்டது.

"என்னங்க, சத்தம் கூடுது, வண்டி குறையுதே" என்றாள் நர்கீஸ் பின்னாலிருந்து.

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு மைல்கல் உண்டு. அதற்குப் பக்கத்தில் வண்டி நின்றேவிட்டது. முறுக்கைத் தளர்த்தியதும் எஞ்சினும் அணைந்தது. தக்கை கருகுகிற வாடை குப்பென்று வந்தது. கிதர் முகம்மது கிக்கரை மிதித்தார். எப்போதும் காலை எதிர்த்து நிற்கிற கிக்கர், சேற்றில் கால் வைத்தது போலச் சளக்கென்று கீழே போனது. எஞ்சின் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. திரும்ப மிதித்தார், திரும்பவும் அப்படித்தான்.

நர்கீஸ் இறங்கி நின்றாள். சந்தை நாளென்பதால் பட்டி வண்டியெல்லாம் காலையிலேயே டவுனுக்குப் போய்விட்டது. பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"தெரியலம்மா."

"சரி. நான் நடக்குறேன். சரியானதும் சத்தம் குடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் இப்படி ஆனது, யார் செய்தது என்று ஒரு வார்த்தை இல்லை. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடை மணலில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடையைத் தாண்டி நெடுகச் சோளக்காடு, அதையும் தாண்டினால் மலையடிவாரம்வரை மேடு. நடந்து பழகிய ஊர்க்காரிகளுக்கே அங்கே போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிடும். அவளுடைய வெள்ளைச் சேலை சோளத்துக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்த முதல் காரியம் யோசித்தது. கிக்கர் மிதிக்கும் உதை எஞ்சினுக்குப் போவதும் கிளட்ச் வழியாகத்தான். அது போகவில்லை. கேபிளைத் தொட்டுப் பார்த்தார், தளர்வாகத்தான் இருந்தது. ஆகவே லீவர் தட்டை விலக்கிப் பிடித்திருக்கவில்லை. ஸ்பிரிங் இறுக்கித்தான் இருக்கிறது, தட்டுதான் கவ்வவில்லை. பட்டாளத்து வண்டி என்பதால் சாமான் பெட்டியில் ஸ்பானரும் திருப்புளியும் இருந்தன. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை எடுத்து, தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி மூடியின் மேல் வரிசையாக வைத்தார்.

இரும்புத் தட்டுகள் கண்ணாடியாக மின்னின. தக்கைகளில் பாதி கருகிப்போய், தொட்டதும் கரித்துண்டாகக் கையில் உதிர்ந்தன. மிஞ்சியவையும் பென்சில் தூள் ஏறிக் கறுத்து மழுங்கியிருந்தன.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விளங்கியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருதயநாதனுக்கும் அவருக்கும் சேர்ந்து கண் மறைத்திருக்கிறது. பூட்டில் எது வழுக்குகிறதோ அது நல்ல பூட்டு. இந்தச் சாமான் வழுக்காமல் இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. உலகத்தில் எதையாவது பிடிக்கவேண்டுமென்றால் கையை இறுக்க வேண்டும், விடவேண்டுமென்றால் கையைத் தளர்த்த வேண்டும். இங்கே கையை இறுக்கினால் விடுகிறது, கையை எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்கிறது. யாரும் தொடாதபோதுதான் இது தன் முழுப் பலத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக இடது கைக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, அதைப் பற்றி ஒரு நாள்கூட நினைத்ததில்லை. எவனோ கண் காணாத சீமையில் உட்கார்ந்து இதை நினைத்துச் செய்திருக்கிறான். அல்லாவே என்று வாய்விட்டுச் சொன்னார். நர்கீஸ் நடந்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு வந்து, பிரமிப்பை உதறிவிட்டு எழுந்தார்.

தக்கை வேண்டும். மருந்துப் புட்டித் தக்கை நர்கீஸ் பையில் இருந்திருக்கும், அது சோளக்காட்டுக்குள் போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். கருவேலங்காய் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. கையிலிருந்த கரியைத் துடைக்க இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனார். கை பெல்ட்டில் பட்டது. அங்கேயே நின்றது.

ஆவாரம்பட்டையில் பதமான தோல் எண்ணெய் பட்டால் ஊறும், ஆனால் நெகிழ்ந்து போகாது, சூட்டுக்குச் சீக்கிரம் பொசுங்காது. இதெல்லாம் அவர் படித்ததல்ல. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாலும் அந்த ஷாப்பில் அத்தனை வருஷம் காதில் விழுந்தது. இரட்டைத் தோல், தக்கையின் உயரத்துக்குச் சரியாக வரும். பெல்ட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். அத்தாவோடு அவருக்கு மிச்சம் இருந்த ஒரே பேச்சு அந்தப் பெல்ட்தான்.

பேனாக்கத்தியை எடுத்தார். தோலைத் தட்டின் ஓட்டை மேல் வைத்துக் கல்லால் தட்டினால் ஓட்டையின் வட்டம் தோலில் பதிந்தது. அந்த வட்டத்துக்கு ஒரு நூல் அளவு வெளியே தள்ளி வெட்டினார். வெட்டிய வில்லைகளை ஓடையில் ஊற்றுத் தோண்டி அந்தத் தண்ணீரில் நனைத்து, இளகியதும் ஓட்டைக்குள் வைத்து அடித்து இறக்கினார். எங்கெல்லாம் தக்கை உதிர்ந்திருந்ததோ அங்கெல்லாம் எருமைத் தோல் ஏறி உட்கார்ந்தது. மிஞ்சிய தக்கைகளைக் கத்தியால் சுரண்டிப் புது முகம் கொண்டுவந்தார். மேடு பள்ளம் இருந்தால் தட்டு கவ்வாது. மைல்கல்லின் சமமான முகத்தில் தட்டைப் போட்டு, எல்லாம் ஒரே மட்டம் ஆகும்வரை உரசினார். இரும்புத் தட்டோடு சேர்த்து வைத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார், இடையில் வெளிச்சம் தெரிந்த இடத்தை இன்னும் உரசினார். பென்சில் தூள் ஒரு பொட்டுக்கூட மிஞ்சாமல் எல்லாத் தட்டையும் பெட்ரோலில் கழுவினார். பம்பு செட்டு ஆயில் போலத் தடிப்பில்லாத எஞ்சின் ஆயிலைத் தொட்டியிலிருந்து கொஞ்சம் வடித்துத் தோலுக்கு ஊட்டி, பெட்டிக்குள்ளும் விட்டார். கை தானாக வேலை செய்தது. அது யார் கை என்றே அவருக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கிக்கர் மேல் காலை வைத்தார். பிஸ்மில்லா சொல்லி மிதித்தார். கிக்கர் காலை எதிர்த்தது. அவ்வளவு சந்தோஷமான எதிர்ப்பை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அடுத்த மிதியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் ஓடையைத் தாண்டிப் போகட்டும் என்று ஒருதரம் நன்றாக முறுக்கினார்.

ஓடை மணலில் இறங்கித் தள்ளி, அக்கரையில் ஏறி உட்கார்ந்தார். லீவரை மெள்ள மெள்ள விட்டார். தட்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடித்துக் கவ்விக்கொள்வது அவருக்கு இடது உள்ளங்கையில் தெரிந்தது. வண்டி நகர்ந்தது.

மேடு தொடங்குகிற இடத்தில் நர்கீஸ் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. பாதமெல்லாம் புழுதி.

"ஏன் நின்னுட்டே?"

"உங்க சத்தம் கேட்டுச்சு. இனிமே நடக்க வேணாம்னு நின்னுட்டேன். அங்க போயி நிக்கிறதுக்குக் கால்ல தெம்பு வேணும்ல."

பாதி வழியில் வண்டி திரும்பவும் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. சத்தம் கேட்டால் ஆள் வந்துவிடுவார், அவ்வளவுதான் அவள் கணக்கு. அவளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினார். முறுக்காமல், இளைத்துப்போன எருதைத் தட்டிக்கொடுத்து ஓட்டுவது போல ஓட்டினார். பாதி மேட்டில் அந்த வாசம் வந்தது. சூடேறிய தோலும் ஆவாரம்பட்டையும் கலந்த தோல்ஷாப்பு வாசம். எந்த வாசத்துக்குப் பயந்து வாழ்க்கையையே திருப்பிக்கொண்டாரோ அது அவர் காலடியிலிருந்து எழும்பி மூக்கில் ஏறியது. குமட்டவில்லை. தாங்கு, இன்னும் கொஞ்சம் தாங்கு என்று அந்தத் தோலிடம் கெஞ்சிக்கொண்டே போனார். தோல் கவ்வியது, விடவில்லை. என்றோ செத்துப்போன ஒரு எருமை தன்னையும் பெண்டாட்டியையும் மேட்டின் மேல் இழுத்துக்கொண்டு போகிறது என்ற நினைப்பில் அவருக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது.

கோம்பைப்பட்டியில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நர்கீஸ் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். ஆண்டிச்சாமி வாசலில் நின்று வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பிள்ளையும் கால் பக்கமாகத்தான் வருகிறதாம்.

உள்ளேயிருந்து நர்கீஸின் குரல் கேட்டது. "முக்காத ஜக்கம்மா. முக்காத தாயி. அப்படியே பிடிச்சுக்க, நான் சொல்றப்ப விடு." வெகுநேரம் அதே வார்த்தைகள்தான். பிடிச்சுக்க, இப்ப விடு, பிடிச்சுக்க. கிதர் முகம்மது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் இடது கை அறியாமல் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூடித் திறந்துகொண்டிருந்தது.

பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கிதர் முகம்மது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிள்ளை அழுதது. முதலில் கம்மலாக, அப்புறம் தெருவே கேட்கிற மாதிரி. ஆண்டிச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்து, வண்டியின் முன் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜக்கம்மாளின் குரலும் கேட்டது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு நர்கீஸ் வந்தாள். "பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றாள். வேர்வை வழிய நின்ற அவளைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த ஆண்டிச்சாமிதான் முதலில் கவனித்தார். கிதர் முகம்மது ஒரு கையால் கைலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெல்ட்டு எங்க பாய்?"

"வண்டி கட்டியிருக்கு" என்றார் கிதர் முகம்மது.

விஷயத்தைச் சொன்னபோது ஆண்டிச்சாமி நம்பவில்லை. குனிந்து கிளட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார். பட்டை உரித்துப் பழகிய ஆளுக்கு அந்த வாசத்தை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நிமிர்ந்து, தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கிதர் முகம்மதுவின் இடுப்பில் கட்டிவிட்டார்.

மதுரையிலிருந்து புதுத் தக்கை வரவழைத்து இருதயநாதனே போட்டுக் கொடுத்தார். கழற்றும்போது தோல் வில்லைகளைப் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வண்டி பட்டறைக்கு வந்தால் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வருவார். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆவாரம்பட்டைக் கட்டோடு பேகம்பூருக்குப் போன ஆண்டிச்சாமி, பக்ருதீன் ராவுத்தர் ஷாப்பில் கட்டை இறக்கிவிட்டு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். ராவுத்தர் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறந்தது என்ன பிள்ளை என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த கட்டு கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போது ஆண்டிச்சாமி ஆத்தூரில் இறங்கினார். கையில் ஒரு துணிப் பொட்டலம். கிதர் முகம்மது அதைப் பிரித்தார். உள்ளே பெல்ட், அதே அகலம், அதே இரட்டைத் தோல், பேனாக்கத்திக்குத் தனிப் பை. அதற்கடியில் இன்னொன்று சுருட்டி வைத்திருந்தது. அதில் பையுமில்லை, பக்கிளுமில்லை, வெறும் தோல் பட்டைதான்.

"இது என்ன, ரெண்டு இருக்கு?" என்றார்.

"உங்க அத்தா குடுத்தாரு" என்றார் ஆண்டிச்சாமி. "ஒண்ணு இடுப்புக்காம், ஒண்ணு வண்டிக்காம்."

கிதர் முகம்மது இரண்டையும் முகத்துக்கு நேராகத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தார்.